ஜோசியருக்குப் பழைய விண்டோஸ்

திரையில் மறுபடியும் அதே வரிதான் வந்தது. டிரைவ் எதுவும் இல்லையாம்.

அறிவுச்செல்விக்கு லேப்டாப்பை அப்படியே தூக்கித் தன் ரிப்பேர் கடைக்கு வெளியே எறிந்துவிடலாம் போலிருந்தது. டிஸ்க் உள்ளே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது. அவள் கையாலேயே கழற்றிப் பார்த்து மாட்டியிருக்கிறாள். ஆனால் இந்த விண்டோஸ் செவன் வந்த காலத்தில் இப்படியொரு டிஸ்க் புழக்கத்திலேயே கிடையாது. இன்னார் என்று அறிமுகம் செய்துவைக்க டிரைவர் என்று ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். அது இல்லாவிட்டால் மூக்குக்கு நேரே நின்றாலும் விண்டோஸுக்குத் தெரியாது.

எதிரே ஸ்டூலில் ஆண்டிச்சாமி ஜோசியர் பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். குடித்துக்கொண்டே இருந்தார்.

லேப்டாப் அவருடையது. சென்னையில் இருக்கும் மகன் தான் வைத்திருந்ததை அப்பாவுக்கு அனுப்பியிருந்தான். புது விண்டோஸ், புது ஜாதக சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுத்தான் அனுப்பினான். அருமையாக ஓடியது.

அதை எல்லாம் அழி, பழைய விண்டோஸைப் போடு, என் பழைய ஜாதக சிடி அதில்தான் ஓடும் என்று காலையில் வந்து ஒற்றைக்காலில் நின்றார் மனுசன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற ஆளை என்ன சொல்ல? ஏன் என்று கேட்டால், பழசுதான் கைக்கு வாகு என்பதோடு சரி.

வேறு நாளாக இருந்தால் நாளைக்கு வாங்க ஐயா என்று சிரித்து அனுப்பியிருப்பாள். இன்று முடியாது. சாயங்காலம் கன்னிவாடியிலிருந்து மூக்காயி இவரிடம் பொருத்தம் பார்க்க வருகிறாள்.

மூக்காயி, விக்னேஷ்குமாரின் அம்மா. கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று அறிவுச்செல்வி தன் வீட்டில் அழுது, சண்டை பிடித்து, சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கிவிட்டாள். பாக்கி இருப்பது இந்தப் பொருத்தம் மட்டும்தான்.

போன வாரம் அந்தம்மா வந்து உட்கார்ந்த நேரம் பார்த்துத்தான் ஜோசியரின் பழைய லேப்டாப் மண்டையைப் போட்டது. அப்போதே முகம் சுளித்தாளாம். இன்றைக்கும் தடங்கல் என்றால் அவளுக்கு வேறு சகுனமே வேண்டாம், பேச்சை முறித்துவிடுவாள். கையால் கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது. பிரிண்டில் வந்தால்தான் அவளுக்கு ஜாதகம்.

பெண் நான்தான் என்று ஜோசியரிடம் சொல்லக் கூச்சம் விடவில்லை. ஜாதகத்தில் அவளுக்குக் குலசாமிப் பேர், மாயம்மாள். அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டாள்.

இணையத்தில் துழாவி இன்னொரு டிரைவரை இறக்கினாள். பென் டிரைவில் ஏற்றி, செருகி, காட்டினாள். திரை யோசித்தது. யோசித்தது என்றால், பெண் பார்க்க வந்த வீட்டார் யோசிப்பது மாதிரி யோசித்தது.

டிஸ்க் தெரிந்தது!

அறிவுச்செல்வி கூவியே விட்டாள். பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அடுத்த பட்டனை அமுக்க விரலைக் கொண்டுபோனாள். ஜோசியர் சோடா பாட்டிலால் தடுத்தார்.

"செத்த பொறு தாயி. ராகு காலம் முடியட்டும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்! கடிகாரத்தையும் கன்னிவாடி பஸ்ஸையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி அடித்ததும் அவர் தலையசைத்தார். அமுக்கினாள்.

விண்டோஸ் ஏறியது. சிடியும் ஓடியது. பிள்ளையார் படத்தோடு பழைய ஜாதகத் திரை விரிந்தபோது அவளுக்கு அந்தப் பிள்ளையாரை எடுத்துக் கொஞ்சலாம் போலிருந்தது.

ஜோசியர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, எந்தத் தாளையும் பார்க்காமல் தட்டினார். விக்னேஷ்குமார். அடுத்து, மாயம்மாள். பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் மனப்பாடமாக வந்தன.

பத்துக்கு ஏழு பொருத்தம்.

அறிவுச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. அதைவிட வெட்கம் தாங்கவில்லை.

"காலையிலயே புதுசுல போட்டுப் பாத்துட்டேன் தாயி," என்றார் அவர், பையில் லேப்டாப்பைத் திணித்தபடி. "அதுல திருக்கணிதப் பஞ்சாங்கம் மட்டுந்தான் இருக்கு. ஒனக்கு மிருகசீரிஷ நட்சத்திரம்னு காட்டுது, சித்திரைக்கார மாப்பிள்ளையோட ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுது. இதுல வாக்கியப் பஞ்சாங்கம். நீ ரோகிணி. கோயில்லயே வாக்கியத்தத்தான் பாக்குறாங்க, மூக்காயிக்கு என்ன வந்துச்சு?"

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிய ஜோசியர், தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் புதுசு சுத்தமா அழிஞ்சிருச்சுல்ல?"

"தூசி கூட இல்லைங்கய்யா," என்றாள் அறிவுச்செல்வி.