உள்பக்கம்

வேலைநாளின் பதினொரு மணி வெயில். மாரெட்பள்ளி ஃபிளாட்டில், ஆண்டனி மனைவியின் தையல் மெஷின் முன் முதன்முறையாக உட்கார்ந்திருக்கிறான். ஐ.டி. கம்பெனி அவனை வேலையைவிட்டு அனுப்பி ஒன்பது நாளாகிறது. அங்கே கொடுத்த வெள்ளை டீ-ஷர்ட்டைத் தலையணை உறையாக்குகிறான். கழுத்தையும் கைகளையும் வெட்டி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, மேல்பக்கத்தைத் தைத்து மூடுகிறான். செல்போன் அதிரும்போதெல்லாம் தையல் கோணுகிறது. எடுத்தால், கிரெடிட் கார்டு விற்கிறார்கள். தைத்து முடித்துத் திருப்புகிறான். முதுகிலிருந்த கம்பெனிப் பெயர், தலை வைக்கும் இடத்தில் நீலமாக வந்து நிற்கிறது. கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் மனைவி ரெஜினா நிமிர்கிறாள். “பழையபடியே திருப்பிருங்க.” “தையல் வெளிய தெரியுமே.” “தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது.” திருப்பித் தலையணைக்குப் போடுகிறான். மெல்லிய துணியில் பெயர் இடவலம் மாறி, மங்கலாகத் தெரிகிறது. அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுக்கிறான். கால் மட்டும் இன்னும் காற்றில் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறது.