மழை நாள் மாப்பிள்ளை

இலையுதிர் காலத்தில் பதூமி மலையில் வலசை போகும் பருந்துகளை எண்ணும் கோச்சாவுக்குக் கண் வானத்திலேயே இருக்கும். ஊர்ப்பெண் லாமாரா தினமும் கொண்டுபோகும் சீஸ் ரொட்டியைக்கூடத் தடவித்தான் வாங்குவான்.

"லாமாரா, என்னைக் கட்டிக்கிறியா?" என்று ஒருநாள் தொலைநோக்கியை இறக்காமலே கேட்டான்.

"முதல்ல என் முகத்தைப் பாருங்க. அப்புறம் சொல்றேன்."

"இப்பத் திரும்பினா நூறு பருந்து தப்பிடும். மழை வந்தா பறவை வராது. அன்னிக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிறேன்."

லாமாரா மழைக்கு வேண்டிக்கொண்டாள். ஊர் சிரித்தது. மழையும் வந்தது.

வேடிக்கை பார்க்க, அக்கம்பக்கத்தில் ஒருவரும் ஜன்னலை மூடவில்லை. கோட்டும் பூங்கொத்துமாகக் கோச்சா கதவைத் தட்டினான். திறந்தவளிடம் பணிவாகக் கேட்டான்:

"அக்கா, லாமாரா இருக்காளா?"

பூங்கொத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள் அவள்.

"நான்தாங்க லாமாரா. வழக்கம்போல வானத்தைப் பாருங்க, அடையாளம் தெரியும்."