சாட்சி வெளியே இருக்கட்டும்

“காலையில கிளம்பும்போது வெளிய பூட்டிட்டுப் போயிடுவாரு, ஐயா. சாயந்திரம் வந்துதான் திறப்பாரு. நாலு வருஷமா இப்படித்தான்.”

அந்தப் பெண் விசும்பினாள். ஆறுதலுக்காகத் தானாக நீண்ட போதகரின் கை, தொடக் கூடாது என்ற விதி மூன்று ஞாபகம் வந்ததும் பாதி வழியில் நின்றது. அதே கையால் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த வக்கீல் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இன்னொரு கையில் சாவிக் கொத்து சுழன்றது.

பக்கத்து ஊர்ச் சபை ஒன்று, ஆலோசனைக்கு வந்தவரே போட்ட வழக்கில் மாட்டி முழி பிதுங்கியது. பயந்துபோன இந்தச் சபை, வக்கீலைப் பிடித்துப் பன்னிரண்டு விதிகள் எழுதி வாங்கிவிட்டது. பத்துக் கட்டளைக்கே மூச்சு வாங்குகிற போதகருக்கு, மேற்கொண்டு பன்னிரண்டு.

இன்று ஒத்திகை. அழுதுகொண்டு வருபவளாக நடிக்க வக்கீல் தன் மனைவியையே கூட்டி வந்திருந்தார். சபையில் யாரும் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வசனமும் அவரே எழுதி அவளிடம் கொடுத்திருந்தார், போதகருக்குக் காட்டவில்லை.

“கேள்வித்தாளை முன்னாடியே காட்டினா அது பரீட்சையா ஐயா?” என்று சிரித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். சாட்சி பார்க்கலாம், கேட்கக் கூடாது. விதி ஐந்து.

உள்ளே அவள் ஏதோ சொல்ல, போதகரின் பேனா நின்றது. கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, படிவத்தில் மளமளவென்று எழுதினார். பிறகு போனை எடுத்துத் தாழ்ந்த குரலில் பேசினார்.

‘அடடே, விதி ஏழு! ஆபத்துன்னா உடனே போலீசுக்குச் சொல்லணும். மனுஷன் என்னமா நடிக்கிறாரு!’ வக்கீல் மெச்சிக்கொண்டார்.

கடைசியில் போதகர் ஜெபித்தார். ஜெபிக்கும்போதும் கண்ணை மூடக் கூடாது என்பது விதி எட்டு. திறந்த கண்கள் இரண்டும் வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தன.

“உள்ள வாங்க, வக்கீல் சார். இவங்க யார் தூண்டுதலும் இல்லாம தானாத்தான் பேசினாங்கன்னு சாட்சிக் கையெழுத்துப் போடணும்.”

“கொடுங்க, கொடுங்க. எழுதினதைக் கையால மூடிக்குங்க ஐயா, சாட்சி படிக்கக் கூடாது.”

போதகர் மூடிக்கொண்டார். வக்கீல் தேதி, நேரம், முத்திரை எல்லாம் போட்டு அழகாகக் கையெழுத்திட்டார்.

“நூத்துக்கு நூறு! ஆமா, அந்த மாமியார் கொடுமை வசனம் எப்படி? கல்லும் கரைஞ்சிருக்குமே?”

போதகர் படிவத்தை மடித்து அங்கியின் உள்பையில் பத்திரப்படுத்தினார்.

மனைவி கைப்பையைத் திறந்தாள். நான்காக மடித்த வசனத் தாளை எடுத்துக் கணவன் முன்னால் வைத்தாள்.

“இதை நான் பிரிக்கவே இல்லைங்க.”