மூன்றாம் எண் படகு

"பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போய் ஒன்பது பேரைக் கொண்டுவந்திருக்கீங்க. என் வீட்டுக்காரர் எங்கேங்க?"

அவள் கத்தவில்லை. கத்துகிற தெம்பு எப்போதோ போய்விட்டது. மூன்றாம் எண் படகின் ஓட்டுநர் தலை நிமிராமல் அதே பதிலைத் திரும்பச் சொன்னார். தீவுக்குப் பின்புறம், பவளப் பாறை அருகே எல்லாரையும் முகமூடி மாட்டி மீன் பார்க்க இறக்கினாராம். திரும்பும்போது எண்ணினால் ஒரு ஆள் குறைந்ததாம். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேடினாராம்.

படகுச் சீட்டு விற்கும் கொட்டகைக்குள் ஈரமான உயிர்காப்பு ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவர் ஜாக்கெட் போட்டிருந்தாரா என்று அவள் கேட்டாள். போட்டிருந்தார், ஆனால் சிலர் முங்கிப் பார்க்கும் ஆசையில் கழற்றிவிடுவார்கள் என்று ஓட்டுநர் உள்ளதைச் சொல்லித் தொலைத்தார்.

"தண்ணின்னாலே எனக்குப் பயம். நீங்களாவது போய்ட்டு வாங்கன்னு நான்தான் பிடிச்சுத் தள்ளினேன்" என்றாள். அவருடைய செருப்பு, போன், கண்ணாடி எல்லாம் அவள் மடியில் இருந்த பையில் கிடந்தன.

மீட்புப் படகுகள் இரண்டு போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. வயர்லெஸ்ஸில் இரைச்சல்தான் வந்தது. படகுத் துறை மேலாளர் பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்து வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"கடல் அமைதியாத்தான்மா இருந்திருக்கு. பக்கத்துலயே நின்ன நாலாம் நம்பர்ல பத்துப் பேர் போய்ப் பத்துப் பேரும் பத்திரமா மேற்குத் துறையில இறங்கிட்டாங்க."

யார் வந்தால் அவளுக்கென்ன? தன் கணவர் ஒருவரைத் தவிர ஊரே கரையேறிவிட்டது என்று நினைத்தபோது அவளுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

வெயில் சாய்ந்த நேரத்தில் வாசலில் ஒரு ஆள் நொண்டிக்கொண்டு வந்து நின்றார். வெறுங்கால், உடம்பெல்லாம் உப்பு.

அவள் எழுந்துபோய் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். அப்புறம் அங்கேயே சாய்ந்து அழுதாள்.

மீன் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கண்ணாடி இல்லாததால் பக்கத்துப் படகில் ஏறிவிட்டாராம். இரண்டும் ஒரே வெள்ளை. முகமூடியோடு உட்கார்ந்திருந்தவர்களைத் தலையை மட்டும் எண்ணிவிட்டுப் படகை எடுத்துவிட்டார்களாம். மேற்குத் துறையில் இறங்கி, படகும் போன பிறகுதான் விஷயம் புரிந்ததாம். போன் கையில் இல்லை, மனைவியின் எண்ணும் மனப்பாடமில்லை. தீவைச் சுற்றி நடந்தே வந்திருக்கிறார்.

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வயர்லெஸ்ஸை எடுத்து, ஆள் கிடைத்துவிட்டார், திரும்பி வாருங்கள் என்று இரண்டு மீட்புப் படகுகளுக்கும் சொன்னார். அவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கணவரைப் பார்த்து, இனிமேல் கண்ணாடியைக் கயிறு கட்டி மாட்டிக்கொள்ளுங்கள் என்று கேலியும் செய்தார்.

ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தவருக்கு முகம் வெளிறிப்போனது.

"சார், நாலாம் நம்பர்ல இவரையும் சேர்த்துத்தானே பத்து வந்திருக்கு?"

மேலாளர் பதறி வயர்லெஸ்ஸை எடுத்தார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அந்தப் படகில் தனியாகப் போன யாரோ ஒருவருக்காகக் கரையில் அழ ஒரு ஆள்கூட இல்லை.