ஞாயிற்றுக்கிழமை மச்சான்

ரோதியோன் விற்பது போர்வை. கம்பளிப் போர்வை அல்ல. எந்த ஆன்டிவைரஸ் கண்ணிலும் படாமல் வைரஸைப் போர்த்தி அனுப்பும் மென்பொருள். இணையத்தின் திருட்டுச் சந்தையில் 'மூடுபனி' என்ற பெயரில் கடை விரித்திருந்தான். ரஷ்யாவின் பெர்ம் நகரத்தில் மற்றவர்களுக்கும் மனைவி ஸ்லாதாவுக்கும் அவன் வெப்சைட் செய்து தருகிறவன், அவ்வளவுதான்.

சமீபகாலமாகத் தொழிலில் சனி புகுந்திருந்தது. இன்று விற்ற போர்வை நாளைக் காலையில் கிழிந்துவிடும். எல்லா ஆன்டிவைரஸும் அதை அடையாளம் கண்டு கத்தும். வாங்கியவர்கள் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்கள். "இன்னொரு புகார் வந்தா உன் பேரு கறுப்புப் பட்டியல்ல" என்று சந்தையின் பஞ்சாயத்துக்காரர் எழுதிவிட்டார். அதில் ஏறியவனிடம் பச்சைத் தண்ணீர்கூட யாரும் வாங்க மாட்டார்கள்.

யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள். ரோதியோனின் சந்தேகமெல்லாம் ஸ்லாதாவின் அண்ணன் அர்சேனி மேல்தான். அவனுக்கு ஆன்டிவைரஸ் கம்பெனியில் உத்தியோகம். ஞாயிறு தவறாமல் பெல்மேனி என்ற கறிக் கொழுக்கட்டை சாப்பிட வந்துவிடுவான்.

"என்ன மாப்ளே, கம்ப்யூட்டர் அடுப்பு மாதிரி கொதிக்குது?"

"பூக்கடைக்கு ஒரு வெப்சைட், மச்சான்."

"பூக்கடைக்கா இவ்வளவு சூடு? நான் வேணா பார்க்கட்டுமா?"

"நீங்க பெல்மேனியைப் பாருங்க. ஆறிடப் போகுது."

இந்த முறை ஏமாறக் கூடாது. ரோதியோன் அந்த ஊரில் அம்மைக் கொப்புளத்துக்குத் தடவும் பச்சை மருந்தால் முகமெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு, சின்னம்மை என்று மச்சானுக்கு போட்டோ அனுப்பினான். ஞாயிறு வருகை ரத்து. லேப்டாப்போடு குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டான்.

"ரோத்யா! உள்ளேயே குடியேறிட்டியா?" ஸ்லாதா கதவைத் தட்டினாள்.

"கிட்ட வராதே! ஒட்டிக்கும்!"

போர்வை தயாரானதும் சோதித்தான். எந்தெந்த ஆன்டிவைரஸ் பிடிக்கும் என்று காட்ட, ஊருக்கெல்லாம் திறந்த சோதனைத் தளங்கள் உண்டு. அவற்றில் போட்டால் நேரே ஆன்டிவைரஸ் கம்பெனிகளுக்குச் சேதி போய்விடும். கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு அது. தொழில் தெரிந்தவர்கள் எல்லோரையும் போல ரோதியோனும் மாதச் சந்தா கட்டி, 'ஆந்தை' என்ற ரகசியத் தளத்தில்தான் போடுவான். 'ஆந்தை பார்க்கும், பேசாது' என்று அதன் முகப்பிலேயே எழுதியிருக்கும். எல்லா ஆன்டிவைரஸுக்கும் நேராகப் பச்சை விளக்கு எரிந்தது. குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடியே விற்றுவிட்டான்.

மறுநாள் காலை அதுவும் கிழிந்தது. மதியம் மூடுபனியின் பெயர் கறுப்புப் பட்டியலில். ரோதியோனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வருமானம் நின்றதும் ஸ்லாதா சும்மா இருப்பாளா? அண்ணனிடம் சொல்லி அவன் கம்பெனியிலேயே புருஷனுக்கு வேலை வாங்கித் தந்துவிட்டாள். ரோதியோன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். மச்சான் எப்படித் திருடினான் என்றாவது கண்டுபிடித்துவிடலாமே!

முதல் நாள், முகத்தில் இன்னும் அழியாத பச்சைப் புள்ளிகளோடு போய் நின்றான். அர்சேனி தோளில் கை போட்டு உள்ளறைக்கு அழைத்துப் போனான். அங்கே பெரிய திரையில் அந்த ஆந்தை கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது.

"வெளியே மூச்சு விடாதே மாப்ளே, இது நம்ம கம்பெனி நடத்துறதுதான். திருட்டுப் பசங்க புதுச் சரக்கை அவங்களே கொண்டுவந்து கொட்டுறாங்க. அதுக்குச் சந்தா வேற!" அர்சேனிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அதிலயும் மூடுபனின்னு ஒருத்தன், தங்கமான பய. ஒரு மாசம்கூடச் சந்தா தவறினதில்லை. உன் முதல் சம்பளமே அவன் கட்டின காசுதான்னு வச்சுக்கயேன்!"