கைக்குழந்தையில் போட்ட ஊசி

திருடன் புகுந்த வீடுகூட இப்படி இருக்காது. பீரோவில் இருந்தது மொத்தமும் கட்டில்மேல் கொட்டிக் கிடக்க, நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாக உதறிக்கொண்டிருந்தான் அந்த லிஃப்ட் மெக்கானிக்.

“கலைக்காதே கலைக்காதேன்னா கேக்கறியா? திரும்ப மடிக்கறவளுக்குத்தான் தெரியும் அந்த வலி” என்றாள் அம்மா, அறைவாசலில் நின்றபடி.

“இவ்வளவு அழகா மடிச்சு வைக்கத் தெரியுது, என் தடுப்பூசிக் கார்டை எடுத்து வைக்கத் தெரியலையேம்மா!”

அவன் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. நாயாய்ப் பேயாய் அலைந்து வாங்கிய வெளிநாட்டு வேலை. ஒரு தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் காட்டினால்தான் விமானத்தில் ஏற விடுவார்கள். அதற்காக அரை நாள் லீவு போட்டு, காலையிலிருந்து கிளினிக்கில் காத்துக் கிடந்தான்.

ஒருவழியாக உள்ளே கூப்பிட்டார்கள். சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தால், டாக்டரம்மா ஊசியை எடுப்பதற்குப் பதில் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள்? ஆணி குத்தியபோது. ஆணி எப்போது குத்தியது? அது அவனுக்கும் தெரியாது, அந்த ஆணிக்கும் தெரியாது.

“வளர்ந்துட்டா ஊசியே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?” என்று ஒரு குட்டு வைத்துவிட்டு, அடுத்ததாகப் பெரிய கல்லைத் தூக்கிப் போட்டார். “கைக்குழந்தையா இருந்தப்போ ஏதாவது ஊசி போட்டு வலிப்பு, மூச்சுத்திணறல்னு வந்துச்சா? அப்படி இருந்தா இது உயிருக்கே ஆபத்தாயிடலாம். வீட்டுல கேட்டுச் சொல்லுங்க. சாயங்காலம் மூடறதுக்குள்ள வந்தா இன்னைக்கே போட்டுடறேன்.”

ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும்; இன்றைக்குத் தவறினால் பயண நாளுக்குள் அது செல்லுபடி ஆகாது. வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தப் பதற்றத்தில்தான் பீரோ இந்தப் பாடு பட்டது.

கடைசிப் பையில் ஒரு கார்டு அகப்பட்டது. பாய்ந்து எடுத்துப் பார்த்தான். தங்கச்சியுடையது. பிளாஸ்டிக் உறையில், முனை மடங்காமல் இருந்தது.

“அவளோடது மட்டும் புதுசு மாதிரி இருக்கு! பொண்ணுன்னா ஒரு நியாயம், பையன்னா ஒரு நியாயமா?”

அம்மா ஒரு போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அது அவன் கோபத்தில் இன்னும் எண்ணெய் ஊற்றியது.

தான் வேலை பார்த்த தொழிற்சாலை ஸ்டோரில் எந்தத் திருகாணி எந்தத் தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னவள் அவள். மகன் விஷயத்திலும் குறை வைக்கவில்லை. தத்தித் தத்தி நடந்த காலத்துச் செருப்பு, சுவர் கிறுக்கலைத் தடுக்க வாங்கித் தந்த சிலேட்டு, விழுந்த பால் பல் என்று எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பாழாய்ப்போன கார்டுதான் இல்லை.

“சரி, கார்டு போகட்டும். உனக்குத்தான் ஞாபகசக்தி ஜாஸ்தியாச்சே, வாயால சொல்லு. ஊசி போட்டு எனக்கு ஏதாவது ஆச்சா?”

“மூணு வயசுல உனக்கு அம்மை போட்டுச்சு. ஸ்கூல்ல ஊசி போட வந்தப்போ பெஞ்சுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டே. அப்புறம் கை வீங்கி…”

“அதுக்கு முன்னாடிம்மா! கைக்குழந்தையில!”

“எல்லாக் குழந்தைக்கும் போடறதுதான் உனக்கும் போட்டிருப்பாங்க. சும்மா நச்சரிக்காதே.”

“அப்பா இருந்திருந்தா பட்டுனு சொல்லியிருப்பார்.” சொன்னவன் சட்டென்று எழுந்து நின்றான். “இப்பத்தான் புரியுது. நான் வெளிநாடு போறது உனக்குப் பிடிக்கலை. அதான் தெரிஞ்சுக்கிட்டே மறைக்கறே.”

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. “ஒண்ணும் ஆகலை, போதுமா? போய்ப் போட்டுக்கோ.”

இதைச் சொல்ல இவ்வளவு நேரமா என்று நொந்துகொண்டே கிளினிக்குக்கு போன் போட்டான். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

“டாக்டர், அம்மா சொல்லிட்டாங்க. அப்போ ஒண்ணும் ஆகலையாம். கிளம்பி வரட்டுமா?”

“நல்லா யோசிச்சுச் சொன்னாங்களா? தப்பா இருந்தா விளையாட்டில்லை, பாருங்க.”

“என்ன டாக்டர் நீங்க, பெத்தவங்களுக்குத் தெரியாதா?”

அம்மா எட்டி, அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள்.

“என்னம்மா பைத்தியக்காரத்தனம் இது? என் வேலையில மண்ணைப் போட்டே தீருவியா?” வீடே அதிரக் கத்தினான்.

“நான் சொன்னது பொய்டா.” துணிக்குவியலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள் அம்மா. “அதை நம்பி ஊசியைப் போட்டுக்காதே. எனக்கு நிஜமாவே தெரியாது.”

“தெரியாதா? எனக்கு ஊசி போட்டப்போ நீ எங்கே போயிருந்தே?”

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், பிடித்த கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நீ இந்த வீட்டுக்கு வந்தப்பவே உனக்கு ரெண்டு வயசுப்பா.”