பன்னிரண்டாவது மன்னிப்பு

கேஷியர் தம்பி எழுதிக் கொடுத்த தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆன்ட்டி முன்னால் போய் நின்றாள்.

கேஷியர் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

பேச்சுத் திறன் வகுப்பின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பத்து வாரம் பாடம் கேட்டு, குழுவாக வேலை செய்ததில் தன் பேச்சு எப்படித் தேறியது என்று ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றி மட்டும்தான் பேசலாம். கூட இருந்தவர்மேல் குறை சொன்னால், ஒரு குறைக்கு இரண்டு மதிப்பெண் வெட்டு. சொன்னவருக்கு மட்டுமல்ல, குழுவுக்கே.

அதற்காகத்தான் தாள். ஆன்ட்டியின் வாய் எப்படிப்பட்டது என்று குழுவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக ஆயா வேலை. தரை ஈரமாக இருந்தால் பெரிய டாக்டரையே வாசலில் நிறுத்தி வைக்கிறவள்.

தாளில் எல்லாம் பதமாக இருந்தது. முன்பு கூச்சப்பட்டேன், இப்போது தைரியம் வந்துவிட்டது. முன்பு குறுக்கே பேசுவேன், இப்போது காது கொடுத்துக் கேட்கிறேன். கடைசி வரியில், என்னால் யார் மனமாவது நொந்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்று ஒரு கும்பிடு.

எனக்குக் கூச்சமாம், என்று காலையிலேயே சிரித்திருந்தாள் ஆன்ட்டி.

இப்போது சிரிக்கவில்லை.

"எனக்குப் பேச்சு ஒண்ணும் தேறல மேடம்" என்று ஆரம்பித்தாள்.

ஆசிரியை பேனாவைத் திறந்தார்.

எங்கள் குழுவில் நான்கு பேர், என்றாள் ஆன்ட்டி. கேஷியர் தம்பி வாய் வலிக்கப் பேசியது. வேன் டிரைவர் பேசாவிட்டாலும் தலையையாவது ஆட்டினார். செல்போன் கடையில் வேலை பார்க்கிற அந்தப் பெண் மட்டும் பத்து வாரத்தில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது சந்தேகம் என்றால் கேஷியருக்கு வாட்ஸாப் போடும், அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க என்று. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

பேனா ஒரு கோடு கிழித்தது.

இரண்டாம் வரிசையில் அந்தப் பெண் குனிந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழு பிரித்த அன்றே தகராறுதான். அந்த மூவர் இருந்த மேசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. யாரும் கூப்பிடுவதற்குள் ஆன்ட்டி போய்ப் பையை வைத்துவிட்டாள். அந்தப் பெண் உடனே எழுந்துபோய், வேறு குழுவில் போடச் சொல்லி ஆசிரியையிடம் கேட்டாள். பிடிக்காதவரோடு வேலை செய்யப் பழகுவதுதான் பாடமே என்று ஆசிரியை திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆனால் நாடகத்தில் பேசியது மேடம், என்றாள் ஆன்ட்டி.

கடைக்கு வரும் புகாரை எப்படிக் கையாள்வது என்று ஒரு நாடகம் போட்டார்கள். அந்தப் பெண் வாடிக்கையாளர். ஆன்ட்டி கவுன்ட்டரில் இருப்பவள். கேஷியர் எழுதியது நான்கே வரி. அந்தப் பெண் தானாக ஐந்தாவது வரி சேர்த்தது. ஒரு போன் போட்டுச் சொல்லக்கூட உங்களுக்குக் கை வரலையா என்று கேட்டது. பிரமாதம் என்று கேஷியர் கைதட்டினான்.

கவுன்ட்டர்காரி மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டாள். சரியாக வரவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்கள் என்றது அந்தப் பெண், கேஷியரைப் பார்த்து. இன்னொரு தரம். இன்னும் ஒரு தரம். பதினோரு தரம் ஆனதும் கேஷியரே போதும் என்று கெஞ்சினான்.

இரண்டாவது கோடு.

கேஷியர் தம்பி உட்காருங்கள் உட்காருங்கள் என்று கையால் காற்றை அமுக்கிக்கொண்டிருந்தான். இன்னொரு கோடு விழுந்தால் நான்கு பேரும் ஃபெயில். ஆன்ட்டிக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

"பதினோரு தரம் கவுன்ட்டர்காரியா மன்னிப்பு கேட்டாச்சு. பன்னிரண்டாவது தரம் தாளைப் பாத்துப் படிக்க மாட்டேன். நாடகத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுப் பேசறது அவதான், நான் இல்ல. என்மேல என்ன குறையோ, அதை என் மூஞ்சியைப் பாத்து, சொந்த வாயால கேக்கட்டும்."

மூன்றாவது கோடு விழுந்தது. வேன் டிரைவர் பெருமூச்சு விட்டார்.

பேச்சாளரிடம் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்றார் ஆசிரியை. காலையிலிருந்து ஒவ்வொருவர் பேசி முடித்ததும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. பத்து வாரத்தில் முதல் தடவையாக ஆன்ட்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா செத்தப்போ எனக்கு மட்டும் ஏம்மா சொல்லல?"

வேன் டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார், ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தார், அதே நெற்றி, அதே தாடை, இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்பதுபோல் வாயைப் பிளந்தார்.

ஆசிரியை அவசரமாக எழுந்தார். சொந்த விஷயங்களை வெளியே போய்ப் பேசிக்கொள்ளலாம், அடுத்தவர் வரட்டும் என்றார்.

ஆன்ட்டி நகரவில்லை.

"எவ்வளவு வேணும்னாலும் வெட்டிக்குங்க மேடம். இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் இந்த வகுப்புலயே சேர்ந்தேன்" என்றாள். பிறகு இரண்டாம் வரிசையைப் பார்த்தாள்.

"நீ உக்காராத. நின்னு கேளு. சொல்றேன்."